குரூப்பில் சுற்றும் ஜாதகம்: உறவும் அந்தரங்கமும் ஒரே போனில்

சேலத்தில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் முன்பெல்லாம் முதல் வேலை ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுப்பது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, தெரிந்த தரகருக்கும் திருமணத் தகவல் மையத்துக்கும் ஆளுக்கொரு காப்பி கொடுப்பார்கள். இன்றைக்கு அந்த வேலை ஒரு பிடிஎஃப்பில் முடிந்துவிடுகிறது. பெரியப்பா ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அவர் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவார், அங்கிருந்து யாராவது ஒருவர் வரன் குரூப்புக்கு ஃபார்வர்டு செய்வார், விடிவதற்குள் அது நாமக்கல், ஈரோடு, பெங்களூர் என்று போய்ச் சேர்ந்திருக்கும். இப்படி நல்ல இடம் அமைந்த கல்யாணங்கள் எத்தனையோ. அந்த வசதியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஒற்றைப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பெண்ணின் முழுப் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர். அப்பா அம்மா பெயர், தொழில். படிப்பு, எந்தக் கம்பெனியில் வேலை, மாதச் சம்பளம். கூடப் பிறந்தவர்கள், அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா. சொந்த வீடு எந்தப் பகுதியில், தோட்டம் எத்தனை ஏக்கர், நகை எத்தனை பவுன். கீழே அப்பாவின் செல் நம்பர். கூடவே பட்டுப்புடவையில் ஒரு போட்டோ, சுடிதாரில் ஒரு போட்டோ. ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு விவரத்தை ஒழுங்காகத் தொகுத்து ஊர் முழுக்க நாமே அனுப்பிவைக்கும் வேறு காகிதம் நம் வாழ்க்கையில் இல்லை.

பிறந்த தேதிதானே, தெரிந்தால் என்ன என்று தோன்றலாம். இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும்தான். வங்கிகள் மெயிலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட் பலவற்றுக்கும் பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் பூட்டு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் ஆளை உறுதி செய்ய முதலில் கேட்பதும் பிறந்த தேதியைத்தான். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் அழைத்து, உங்கள் பெயர், பெண்ணின் பெயர், அவள் வேலை பார்க்கும் இடம் எல்லாம் சரியாகச் சொன்னால், எதிர்முனையில் இருக்கும் அப்பாவுக்குச் சந்தேகமே வராது. இவ்வளவு தெரிந்தவர் நம்மைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார் என்று மனசு ஒப்புக்கொண்டுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. கல்யாணம் நிச்சயமானதும் அந்தப் பிடிஎஃப்பை யாரும் திரும்ப வாங்குவதில்லை, வாங்கவும் முடியாது. பெண்ணுக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு ஆடிக்குத் தாய்வீடு வந்திருக்கும்போது, யாரோ ஒருவர் பழைய குரூப்பில் கிடந்ததை எடுத்து, 'இந்த வரன் இன்னும் இருக்குதுங்களா?' என்று அப்பாவுக்குப் போன் போடுவது நம் ஊரில் சகஜம். சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று முடிந்துபோன சம்பந்தம், ரத்தான நிச்சயதார்த்தம் என்றால் அந்தச் சிரிப்பும் இருக்காது.

சமூக வலைத்தளமும் அந்தரங்கமும் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் ஃபேஸ்புக் நம்மை வேவு பார்க்கிறதா, மைக் வழியாக ஒட்டுக் கேட்கிறதா என்பதில் போய் நின்றுவிடுகிறது. கம்பெனிகளைப் பற்றிய கேள்வி முக்கியமானதுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் நம் பக்கத்தில் ஒருவரைப் பற்றிய விவரம் வெளியே போவது அனேகமாக அவர் கையால் இல்லை. பெரியப்பா கையால், சித்தி ஸ்டேட்டஸால், பள்ளிக்கூடத் தோழியின் ரீல்ஸால் போகிறது. எல்லாம் பிரியத்தால் செய்வது. என் அக்கவுண்ட்டை நான் பூட்டி வைத்துக்கொண்டேன், இனி கவலையில்லை என்று யாரும் இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இதைக் காட்ட ஒரு பெரிய கணக்கே உண்டு. தேர்தல் பிரசாரங்களுக்காக மக்களின் விவரங்களை அலசித் தந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற கம்பெனியின் விவகாரம் 2018இல் வெடித்தபோது, ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைச் சோதனை ஆப் வழியாக உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்த ஆப்பைப் போட்டவர்கள் 335 பேர். ஆப்பைப் போட்டவர்களின் நண்பர்களாக இருந்தவர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். 335 பேர் பொழுதுபோக்காக ஒரு பட்டனைத் தட்டினார்கள். நட்பு வட்டத்தில் இருந்த ஐந்தரை லட்சம் பேரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நண்பர்களின் விவரத்தை ஆப்புகளுக்குக் கொடுக்கும் அந்த வழியை ஃபேஸ்புக் 2015க்குள் அடைத்துவிட்டது. ஆனால் ஒரு புது ஆப் 'உங்கள் காண்டாக்ட்ஸைப் பார்க்கட்டுமா' என்று கேட்கும்போது நாம் சரி என்று தட்டுகிறோமே, அப்போது போவது நம் நம்பர் மட்டும் இல்லை. பால்காரர், டாக்டர், தங்கையின் மாமியார், அந்த ஆப்பைப் பற்றிக் கேள்வியே பட்டிராத தாத்தா என்று போனில் சேமித்த எல்லாருடைய நம்பரும் போகிறது.

சரி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாமா? சொல்வது எளிது. சேலத்துக்குப் பக்கத்தில் நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை என்ற ஊருக்குப் போய் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். தறியில் நெய்து மடித்து வரும் புடவையை வீட்டிலிருந்தபடியே விற்கும் பெண்கள் அங்கேயும் சேலத்தைச் சுற்றியும் ஏராளம். காலையில் மொத்தக்காரர் குரூப்பில் புதுச் சரக்கின் போட்டோக்கள் வந்து விழும். அதை எடுத்துத் தன் லாபத்தைச் சேர்த்து விலை போட்டு, தன் ஸ்டேட்டஸில் வரிசையாக வைப்பார். 'சிஸ்டர், இந்த மெரூன் கலர் இருக்குதுங்களா?' என்று கேட்டு வருபவர் தூத்துக்குடியில் இருக்கலாம், மலேசியாவிலும் இருக்கலாம். கடை வாடகை இல்லை, குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மதியம் கூரியர் போட்டால் போதும். இந்த வருமானம் முழுக்க முழுக்க அவர் நம்பர் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தெரியாத ஆளிடமிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வரும் 'ஹாய்' மெசேஜும், காரணமில்லாத வீடியோ காலும் அதே நம்பருக்குத்தான் வருகின்றன. டிபியில் குழந்தையோடு இருக்கும் படம் இருந்தால் அதுவும் அவன் கண்ணில் படுகிறது.

இவரிடம் போய் அந்தரங்கம் முக்கியம், நம்பரை மறைத்து வையுங்கள் என்று சொல்வது வியாபாரத்தை மூடச் சொல்வதுதான். இங்கே உதவுவது ஒரு சின்னப் பிரிவினை. போனில் இரண்டாவது சிம் போட்டு, 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை அந்த நம்பரில் வைத்துக்கொள்ளலாம். அது இலவசம். டிபியில் தன் முகத்துக்குப் பதில் புடவை, பெயருக்குப் பதில் கடைப் பெயர். சொந்தக்காரர்களும் பிள்ளையின் டீச்சரும் பழைய நம்பரிலேயே இருப்பார்கள். பழைய நம்பரில், சேமிக்காத எண்களிலிருந்து வரும் அழைப்பு மணி அடிக்காமல் அடங்கிப்போகும்படி செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். 2023இலிருந்து அந்த வசதி இருக்கிறது. மாதம் ஒரு ரீசார்ஜ் கூடுதல் செலவு, அதைச் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுப்பாடம் குரூப்பில்தான் வருகிறது என்பதால் வெளியே வர முடியாத அம்மாக்கள் இருக்கிறார்கள். மகன் துபாயில், மருமகள் சென்னையில் என்றிருக்கும் அம்மாப்பேட்டைப் பெரியவர்களுக்குப் பேரனின் முகம் தெரிவதே வீடியோ காலில்தான். இவர்கள் யாரிடமும் துறவறம் பேச எனக்கு மனமில்லை. தொடர்பில் இருப்பது ஆடம்பரம் இல்லை, வாழ்க்கை அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதனால் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது. யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நாள் அது அங்கே கிடக்கும், அது உண்மையில் யாருடையது?

கம்பெனி என்ன பார்க்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் மெசேஜும் போட்டோவும் அழைப்பும் 2016 ஏப்ரலிலிருந்து இரு முனைக் குறியாக்கத்தில் போகின்றன. அனுப்புபவர் போனில் பூட்டப்பட்டுப் பெறுபவர் போனில்தான் திறக்கும், இடையில் வாட்ஸ்அப் நினைத்தாலும் படிக்க முடியாது. இது உண்மையான பாதுகாப்பு, நல்ல காரியம். ஆனால் யார் யாருடன், எந்த நேரத்தில், எத்தனை முறை பேசுகிறார்கள், எந்த குரூப்பில் இருக்கிறார்கள், என்ன போன், எந்த இணைப்பு என்பதெல்லாம் அந்தப் பூட்டுக்கு வெளியே. தினமும் ராத்திரி ஒரு மணிக்கு ஒரே நம்பரோடு பேசுகிறவர் என்ன பேசினார் என்று தெரியாவிட்டாலும் ஏதோ இருக்கிறது என்று ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டா நிறுவனத்தின் வருமானம் விளம்பரம்தான். 2024இல் விளம்பரத்தில் மட்டும் 16,000 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஒருவர் எதை விரும்புவார், எப்போது வாங்குவார் என்று தெரிந்தால்தான் அந்த விளம்பரத்துக்கு மதிப்பு. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இதற்காகவே கட்டப்பட்டவை. வாட்ஸ்அப் அப்படிப் பிறக்கவில்லை. விளம்பரமே வேண்டாம் என்று 2009இல் தொடங்கிய அதை 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 ஆகஸ்டில் விவரங்களை ஃபேஸ்புக்குடன் பகிரும் புதுக் கொள்கை வந்தது. அப்போதாவது வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் வந்த மாற்றத்தில், ஏற்காவிட்டால் தொடர முடியாது என்று நெருக்கினார்கள். நம் ஊரில் அந்த மாதம் பல பேர் வாட்ஸ்அப்புக்குப் பதிலாக சிக்னல் என்ற ஆப்பை இறக்கிப் பார்த்தார்கள், அங்கே தெரிந்தவர் யாருமில்லை என்று ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்கள். அந்த 2021 கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. 2025 ஜூனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பகுதியிலும் விளம்பரம் வரும் என்று அறிவித்துவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் தனி ஆள் செட்டிங்ஸை மாற்றிச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஊரே ஓரிடத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் வெளியே போனால் நஷ்டம் அவருக்குத்தான், கம்பெனிக்கு ஒன்றும் குறையாது. ஆகவே இது சட்டம் போட்டுத் தீர்க்க வேண்டியது.

சட்டத்தின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, ஒரு முனை சேலத்தையும் தொடுகிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை, ராஜகோபாலை ஆசிரியராகக் கொண்ட நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் பெயர்களும் இருந்தன. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அரசு முன்கூட்டியே தடை போட முடியாது என்று சொன்ன நீதிமன்றம், அதோடு நிற்கவில்லை. ஒரு குடிமகனுக்குத் தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை உண்டு, தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய, கல்யாணம், பிள்ளைப்பேறு, தாய்மை, கல்வி ஆகியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, சம்மதம் இல்லாமல் அவற்றைப் பற்றி யாரும் வெளியிடக் கூடாது, சொல்வது உண்மையாக இருந்தாலும் கூடாது என்றது. பொதுப் பதிவேடுகளில் உள்ளதும், அரசு அதிகாரிகள் தங்கள் கடமையில் நடந்துகொண்ட விதமும் இதற்கு விலக்கு. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கில் பிறந்த வரிகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்துச் சொன்னார்கள். அதன் பிறகு ஆறு வருடம் கழித்து 2023 ஆகஸ்டில் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு நடவடிக்கை எடுக்காமல் விவரத்தைக் கசியவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய முக்கியப் பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல சட்டம்தான். ஆனால் பெரியப்பா ஃபார்வர்டு செய்த ஜாதகத்துக்கு அது வராது. தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் கையாளும் விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒருவர் தானே சமூக வலைத்தளத்தில் பொதுவாக வெளியிட்டுவிட்ட விவரத்துக்கும் பொருந்தாது. யோசித்தால் இது நியாயம்தான், அக்கா போட்ட போட்டோவுக்குத் தம்பி கோர்ட்டுக்குப் போகும் ஊர் நமக்கு வேண்டாம். ஆகக் கம்பெனியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொண்டாலும், சொந்தக்காரர்கள் குரூப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே என்ன செய்யலாம்? ஜாதகத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ராசி, நட்சத்திரம், லக்னம், வயது, படிப்பு, எந்த ஊர்ப் பக்கம், இது போதும். பொருத்தம் பார்க்க ஜோசியருக்கு வேண்டியது கட்டம்தானே, சம்பளமும் பவுனும் அவருக்கு எதற்கு? பொருத்தம் இருக்கிறது, இரு வீட்டாருக்கும் விருப்பம் என்றான பிறகு போட்டோவும் வேலை விவரமும் நேரடியாக அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் போகட்டும். போட்டோவின் ஓரத்தில் அனுப்பிய தேதியையும் யாருக்கு அனுப்பியது என்பதையும் சின்னதாக எழுதிவிட்டால், அது வேறெங்காவது தலை காட்டும்போது எங்கிருந்து போனது என்று தெரியும், வாங்கியவரும் கொஞ்சம் யோசித்துத் தள்ளுவார். இதற்கெல்லாம் முன்னால், எந்தப் போட்டோ போகலாம் என்பதைப் பெண்ணிடமே கேட்க வேண்டும். கேட்காமல் அனுப்பும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஸ்டேட்டஸ் விஷயம் வேறு வகை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்து, ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று போகிற இடமெல்லாம் ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறோம். ராத்திரி லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தின் விளக்குகள் தெரியும் படத்துக்கு 'ரெண்டு நாள் ஜாலி' என்று எழுதி வைத்தால், அஸ்தம்பட்டியில் வீடு இரண்டு நாளைக்குப் பூட்டியிருக்கிறது என்றும் எழுதியதாகவே ஆகிறது. ஸ்டேட்டஸ் நம் நம்பரையும் அவர் நம்பரையும் பரஸ்பரம் சேமித்திருப்பவர் எல்லாருக்கும் தெரியும். எப்போதோ ஏசி ரிப்பேருக்கு வந்தவர், பழைய குடித்தனக்காரர், ஒரு தடவை பார்சல் கொண்டுவந்தவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் வருடா வருடம் கேட்டுக்கொள்கிறது. நாம் ஸ்டேஷனைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொல்லிவிடுகிறோம். கல்யாணப் பத்திரிகையை ஸ்டேட்டஸில் வைப்பதும் இதே கதைதான், வீட்டு விலாசமும் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்ற முகூர்த்த நேரமும் ஒரே படத்தில் இருக்கின்றன.

தீர்வு பெரிய தீர்வு இல்லை. வீடு திரும்பிய பிறகு படங்களை வைக்கலாம், அழகு ஒன்றும் குறைந்துவிடாது. ஸ்டேட்டஸ் செட்டிங்ஸில், குறிப்பிட்டவர்களைத் தவிர்த்து என்றும், இவர்களுக்கு மட்டும் என்றும் இரண்டு வழி உண்டு. இருபது பேரைத் தேர்ந்தெடுத்து 'இவர்களுக்கு மட்டும்' என்று ஒரு முறை வைத்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்லை. டிபி, லாஸ்ட் சீன் இரண்டையும் சேமித்த எண்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். யார் வேண்டுமானாலும் நம்மை குரூப்பில் சேர்ப்பதை நிறுத்த 2019இலிருந்தே வழி இருக்கிறது. நம்மைச் சேர்த்த அடுத்த நொடி அங்கிருக்கும் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கும் நம் நம்பர் தெரிந்துவிடுவதால், மாற்ற வேண்டிய முதல் செட்டிங் இதுதான் என்பேன். இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் போட்டுவைப்பது நமக்கு மட்டுமான பாதுகாப்பு இல்லை. ஒருவர் அக்கவுண்ட் திருடு போனால், 'அவசரமாக இருக்குது மாமா, பத்தாயிரம் ஜிபே பண்ணுங்க, நாளைக்குத் தந்துடறேன்' என்று அவர் பெயரில் மெசேஜ் போவது அவர் சொந்தக்காரர்களுக்குத்தான். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல், அதாவது திறந்தால் போனில் ஓர் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல் அனுப்பி போனையே கைப்பற்றும் மோசடியும் இப்படித்தான் பரவுகிறது, வந்த நம்பர் தெரிந்தவருடையது என்பதால் திறந்துவிடுகிறார்கள்.

ஏற்காட்டைப் பற்றிப் பேசும்போது மலைக்காரர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் வழிகாட்டிக்கும் சுற்றுலாப் பயணிகள் போடும் ரீல்ஸ்தான் இலவச விளம்பரம், அது வேண்டும். ஆனால் நவம்பர், டிசம்பரில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருக்கும் பெண்களை, ரோட்டோர வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கும் அம்மாவை, குளித்துவிட்டு நிற்கும் குழந்தையை, 'மலைவாழ் மக்களின் எளிய வாழ்க்கை' என்று பாட்டுப் போட்டு இன்ஸ்டாவில் ஏற்றுகிறார்களே, அவர்களிடம் யார் கேட்டது? அந்த அம்மா அந்த ரீல்ஸைப் பார்க்கவே மாட்டார், அவர் பெண் சேலத்துக் காலேஜில் படிக்கும்போது பார்ப்பாள். படம் எடுக்கலாமா என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். வேண்டாம் என்று தலையாட்டினால் போனைப் பைக்குள் வைப்பதுதான் மரியாதை.

குழந்தைகள் படத்துக்கும் எனக்கு இதேதான் தோன்றுகிறது. காது குத்தில் மாமன் மடியில் அழும் படம், மொட்டை போட்ட படம் எல்லாம் குடும்பத்துக்குப் பொக்கிஷம், குடும்ப குரூப்பில் இருக்கட்டும். பொது இன்ஸ்டா கணக்கில், பள்ளிச் சீருடையும் பேட்ஜும் தெரிய, ஊர்ப் பெயரோடு போவது வேறு. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கே எந்தப் படம் பிடிக்கும், எது கூச்சம் என்று தெரியும். 'பாப்பா, இதை அத்தைக்கு அனுப்பட்டுமா?' என்று கேட்டுப் பழக்கினால், பதினைந்து வயதில் அவள் படத்தை யாராவது கேட்கும்போது யோசிக்கும் பழக்கம் தானாகவே இருக்கும். டீன் ஏஜ் கணக்குகளை ப்ரைவேட்டாகவே வைக்கும் ஏற்பாட்டை இன்ஸ்டாகிராம் 2024இல் அறிவித்து, 2025இல் இந்தியாவிலும் கொண்டுவந்தது. வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் தொடங்கினால் அது பயனில்லை, நம் வீடுகளில் பல கணக்குகள் அப்படித் தொடங்கியவைதான்.

இதில் ஒரு வலியான விஷயத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. 2016 ஜூனில் நம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது. அந்தப் பெண் உயிரை விட்டாள். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு நம் வீடுகளில் நடந்தது என்ன? பெண்களின் டிபியை எடுக்கச் சொன்னோம், கணக்கை மூடச் சொன்னோம். பூவும் சாமியும் டிபியாக வைத்திருக்கும் பெண்கள் இன்றும் எத்தனையோ பேர். பயம் நியாயமானது. ஆனால் மார்ஃபிங் செய்ய ஒரே ஒரு படம் போதும், அது அடுத்த வீட்டு வளைகாப்பு ஆல்பத்திலிருந்தும் கிடைக்கும். இப்போது ஏஐ வந்த பிறகு இன்னும் சுலபம். படத்தை மறைத்துவைப்பதால் ஆபத்து முழுக்கப் போய்விடாது. அவள் தோழிகளையும் வேலை வாய்ப்பையும் இழப்பது மட்டும் நிச்சயம். ஆபத்து வந்தால் வீட்டில் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அதைவிட அவசியம்.

படம் போட்டவனை பிளாக் செய்வதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட், கணக்கின் லிங்க், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். பிளாக் செய்துவிட்டால் நமக்கு அந்தக் கணக்கு தெரியாமல் போகலாம். அந்தந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்ய வேண்டும். நிர்வாணப் படம், மார்ஃபிங் படம் என்று பாதிக்கப்பட்டவரே புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் தளங்களுக்குக் கெடு வைத்தன. போலீஸுக்கு 1930, அல்லது cybercrime.gov.in தளம், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் கொடுக்க முடியும். அந்தரங்கப் படம் இனி பரவும் என்று பயந்தால், 18 வயதானவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை. படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை நம் போனிலேயே உருவாக்கி, அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுத்து, அதே படம் வந்தால் தடுக்கச் செய்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் இதே வேலையை டேக் இட் டவுன் என்ற தளம் செய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடம் 'நீ ஏன் போட்டோ போட்டே?' என்று கேட்காமல் இருக்க வேண்டும். அம்மாவோ சித்தியோ யாராவது ஒருவர் அன்றைக்கு ராத்திரி அவள் கூடவே படுத்துக்கொள்ள வேண்டும். மனசு தாங்கவில்லை என்று அவள் சொன்னால் 14416க்குப் போன் போடலாம், அரசின் டெலி மானஸ் சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள், இரவு பகல் எந்த நேரமும் இருக்கிறது.